எச்சரிக்கை யாருக்காக?

அருப்புக்கோட்டையில் வாங்கிய சளி மருந்துப் புட்டியைத் திருச்சுழியில் ஒரு தாய் திருப்பிப் பார்க்கிறாள் என்று கொள்வோம். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என அச்சிடுமாறு 2023 டிசம்பரில் மைய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பணித்தது. நல்லதே. ஆனால் அது அச்சாவது ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில்! தமிழ் மட்டும் படித்தவருக்கு என்ன பயன்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இவ்வகை மருந்தான 'கோல்ட்ரிப்' 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கு மேற்பட்ட குழந்தைகளின் சிறுநீரகங்களைப் பழுதாக்கிக் கொன்றது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்தது. நஞ்சை எச்சரிக்கை காட்டாதுதான். ஆயினும் அதன்படி நடந்திருந்தால் சிறு குழந்தைகள் அதைக் குடித்திருக்கவே மாட்டார்கள்.

எச்சரிக்கை தாய்மொழியில் வேண்டும். அப்போதுதான் எழுதிக்கொடுப்பவரையும் பெற்றோர் கேள்வி கேட்க முடியும். அதுவரை, மாணவர்களே, பக்கத்து வீட்டுப் புட்டியையும் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.