“நீங்களே எடுத்துத் தாங்கோவன், மிஸ்”

“ஒரே ஒரு பக்கம்தான், மிஸ்” என்று சொல்லிக்கொண்டுதான் அவர் வந்தார். வரும்போது மணி பத்து. போகும்போது பதினொன்றேகால்.

திருகோணமலை உட்துறைமுகத்துப் பக்கமாக இருக்கிற ஒரு பொது நூலகம். எதுவென்று சொல்லப்போவதில்லை. வீரகேசரியும் தினக்குரலும் பார்க்க அங்கே போகிறவன் நான். பத்திரிகை மேசைக்கும் பிரிண்டர் இருக்கிற மேசைக்கும் இடையே நாலு முழம் இருக்கும். அதனால் தலையங்கத்தைவிட அந்த மேசையில் நடப்பதைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

வந்தவர் துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா. பேத்தியின் உயர்தரப் பெறுபேறு வேண்டும். அது போனில் இருந்தது. போன் அவர் கையில் இருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்தது. “எனக்கு அனுப்பிவிடுங்கோ ஐயா” என்றார் நூலக உதவியாளர். ஐயா போனை அப்படியே நீட்டினார். “எனக்கு உதெல்லாம் தெரியாது. நீங்களே எடுத்துத் தாங்கோவன், மிஸ்.” உதவியாளர் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்து சுட்டிலக்கத்தைக் கேட்டார். ஐயா சொன்ன இலக்கத்துக்கு யாரோ ஒரு பிள்ளையின் பெறுபேறு வந்தது. மறுபடி சொன்னார், சரியானது வந்தது. அச்சில் அது இரண்டு தாளாக விழுந்தது. இரண்டாவது தாளில் ஒரு வரியும் இணையத்தள முகவரியும் மட்டும். “ஒரு பக்கம் எண்டுதானே சொன்னனான். மற்றதுக்கு நான் ஏன் காசு தரவேணும்?” திருத்தி மறுபடி கொடுத்தபோது தாள் உள்ளே சிக்கிக்கொண்டது. மார்கழி மழைக்காலம். கடற்காற்றில் ஈரம் ஊறிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செம்மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது. உதவியாளர் தட்டை இழுத்து, தாள்கட்டை எடுத்து, சீட்டுக்கட்டைப்போல விசிறி, ஓரம் தட்டி, மறுபடி வைத்தார். பின்னால் கிண்ணியாவிலிருந்து வந்த உம்மா ஒருவர், ஓட்டோக்காரர் ஒருவர், பாடசாலைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள்.

இந்த “வாங்கிச் செய்துகொடுக்கும்” வழக்கத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தமிழர்கள் நூலகம் பற்றிப் பேசினால் பேச்சு 1981இல், யாழ்ப்பாணத்தில் எரிந்த புத்தகங்களில் போய் நிற்கும். அது நிற்கவேண்டிய இடந்தான். ஆனால் இன்று நூலகத்துக்குள் வருகிற சனத்தில் பலர் புத்தகத்துக்காக வருவதில்லை. பிரிண்டருக்காக வருகிறார்கள். அதைப் பற்றி நாம் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

வழக்கத்துக்குச் சார்பாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதினார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. வாசகரைப் பட்டியலோடு மல்லுக்கட்ட விடாமல் நூலக ஊழியர் எழுந்து வந்து கூடவே நின்று தேடிக்கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தவர். இந்தக் கண்ணால் பார்த்தால் ஐயாவின் போனை வாங்கிய கை சரியான கை. அறுபத்தைந்து வயது மனிதருக்கு, வருடத்தில் ஒரு தடவை வருகிற தேவைக்கு, கோப்பு என்றால் என்ன, பதிவிறக்கம் என்றால் என்ன என்று வகுப்பெடுப்பது உதவியல்ல, தண்டனை. அவசரமும் இருக்கிறது. மகன் கட்டாருக்குப் போகிற விமானச் சீட்டு, கிளினிக்கில் காட்டவேண்டிய இரத்தப் பரிசோதனை அறிக்கை, பிறீமா மா ஆலைக்கோ டோக்கியோ சீமெந்துக்கோ கொடுக்கவேண்டிய சுயவிபரக் கோவை, எல்லாமே “இண்டைக்கு இரண்டு மணிக்கு முதல்” என்றுதான் வரும்.

வெளியே கொமியூனிகேசன் கடைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. கடையில் காசு கொடுத்தால் காரியம் நடக்கும், கேள்வி கேட்டால் எரிச்சல் வரும். நூலகத்தில் ஒரு முகம் இருந்து கேட்கிறது. அடுத்த வேலை இருந்தாலும் கேட்கிறது. சிங்களத்தில் மட்டும் வந்த படிவத்தை வாசித்து, இந்த இடத்தில் கையெழுத்து, இந்த இடத்தில் கிராம உத்தியோகத்தரின் முத்திரை என்று சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் பணிக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது.

ஆனால் எரிச்சலூட்டும் வாசகர் என்று நாம் சொல்கிற ஆளை யார் உண்டாக்கினார்கள்? அவராக உண்டாகவில்லை. 2022 யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்ததை நினைத்துப் பாருங்கள். யூலை 16 முதல் வாகன இலக்கமும் செசி இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்து இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து. அந்த கியூஆர் கட்டம் போனில் இருந்தாலும் போதும், தாளில் இருந்தாலும் போதும். ஸ்மார்ட் போன் இல்லாதவன் என்ன செய்வான்? தாளைத் தேடித்தான் ஓடினான். பின்னால் சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. முன்னால் நாலு லீற்றர் பெற்றோலுக்கு ஒரு துண்டுத் தாள் அச்சடிக்க வரிசை நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. மின்சாரமும் தாளும் தட்டுப்பாடாகிக் கிடந்த அதே ஆண்டில்தான் அரசாங்கம் தன் குடிமகனிடம் “இணையத்தில் எடுத்துக்கொள்” என்று சொன்னது.

முன்பு கச்சேரியில் ஒரு எழுதுவினைஞர் செய்த வேலை இது. அலுவலகங்கள் தங்கள் கவுண்டரைக் கழற்றி இணையத்தில் மாட்டின. இணையத்தில் மாட்டியது வந்து விழுந்தது நூலகத்து மேசையில். வேலை மட்டுந்தான் வந்தது. ரோனருக்குக் காசு கூட வரவில்லை. தமிழ்நாட்டில் சான்றிதழ் வேலைகளுக்கென்று இ-சேவை மையங்களைத் தனியாக வைத்து, கட்டணத்தையும் எழுதிப் போட்டார்கள். அங்கேயும் வரிசை உண்டு, சண்டை உண்டு. என்றாலும் அது நூலகரின் தலையில் விடிவதில்லை. நம் நாட்டிலும் அப்படியொரு எண்ணம் இருந்தது. கிராமங்களில் கணினியும் இணையமும் தர “நெனசல” நிலையங்களை அரசு திறந்தது. 2014இல் அந்தத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. கணினியைப் பார்த்திராத ஊருக்குக் கணினியைக் காட்டுவது அந்தக் காலத்துத் தேவை. இப்போது எல்லார் கையிலும் கணினி இருக்கிறது, போன் என்ற பெயரில். இல்லாதது அதிலிருந்து ஒரு தாளை வெளியே எடுக்கத் தெரிந்த ஆள்.

ஆகவே ஐயாமீது எனக்குக் கோபம் இல்லை. வழக்கத்தின் மீது இருக்கிறது, இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது மிகப் பெரியது. நூலகக் கணினிக்குக் கோப்பு எப்படி வருகிறது? பெரும்பாலும் உதவியாளரின் சொந்த வட்ஸ்அப்புக்கு. “என்ர நம்பருக்குப் போடுங்கோ” என்பதுதான் ஆகச் சுலபமான வழி. ஒரு நாள் மாலை, கூட்டம் குறைந்த நேரம், தன் போனை எனக்குக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது: அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், யாரோ ஒரு பெண்ணின் ஸ்கான் அறிக்கை, ஒரு விவாகரத்து வழக்கின் மனு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். பெயர் தெரியாத இலக்கங்களிலிருந்து, அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே. வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்து அழிப்பாராம். சில வெள்ளிகளில் மறந்துபோகுமாம். 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தைப் படித்தவர் எவரும் இந்த மேசைப் பக்கம் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. உதவியாளரில் குற்றமே இல்லை. அவர் நல்ல மனத்தோடு செய்கிற ஒரு வேலை, ஊரின் அந்தரங்கத்தை அவருடைய கைப்பைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது. நாளைக்கு அந்தப் போன் களவு போனால் முதலில் குற்றவாளியாக நிற்பவரும் அவர்தான். உதவி கேட்டு வந்தவர் அதை ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு வழிசெய்து கொடுத்ததும் இந்த வழக்கந்தான்.

இரண்டாவது, பழி. வாங்கிச் செய்தவர் கையில்தான் பிழையும் சேரும். இதில் நானே சாட்சி. சாட்சி என்றால் கௌரவமாகச் சொல்வது, உண்மையில் எதிரி. சில வருடங்களுக்கு முன் ஒரு நினைவு மலருக்கான கட்டுரையை பாமினி எழுத்துருவில் அடித்து, பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போனேன். நூலகக் கணினியில் பாமினி இல்லை. பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. மெய்யெழுத்தில் புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. யூனிகோடில் அடித்திருந்தால் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் சொன்ன வாசகம் இது: “நான் வடிவா அடிச்சுத் தந்தனான். நீங்கள்தான் பழுதாக்கிப் போட்டீங்கள்.” உதவியாளர் ஒன்றும் பேசாமல் எழுத்துருவைத் தேடி இறக்கி, நிறுவி, எடுத்துத் தந்தார். நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லாததால்தான் நினைவில்லை என்று நினைக்கிறேன். அன்று அவர் எனக்கு என்ன நடந்தது என்று சொல்லியிருந்தால், அடுத்த மூன்று கட்டுரைகளையும் பாமினியிலேயே அடித்துக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அங்கேதான் ரங்கநாதனோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு. ஒருவரின் நேரத்தை மிச்சப்படுத்தும்போது பின்னால் நிற்கிற நாலு பேரின் நேரம் எங்கே போகிறது? அதே ஆள் கிழமைக்கொரு தடவை வருகிறார் என்றால், மிச்சம் பிடித்தது எதை? கிழமைதோறும் ரியூசன் வினாத்தாள் எடுக்க வருகிற பட்டதாரி ஆசிரியர் இருக்கிறார். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், ஆவணமாக அனுப்பினால் மங்காது என்று அவருக்கு ஒரு தடவை சொன்னால் போதும். லெட்டர் அளவில் செய்த கோப்பை ஏ4 தாளில் அடிக்கக் கொடுத்தால் இயந்திரம் நின்றுவிடும். தாள் அளவை மாற்று என்று இன்னொரு தடவை. ஐயாவுக்குக் கொடுத்த சலுகையை இவருக்கும் கொடுப்பது இரக்கமல்ல, பழக்கதோஷம். இவர்களிடம் கொஞ்சம் கறாராக இருக்கலாம் என்பது என் கட்சி. போன் வாசகரின் கையிலேயே இருக்கட்டும். உதவியாளர் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லட்டும். கோப்பு நூலகத்துக்கென்று வைத்த மின்னஞ்சலுக்கு வரட்டும். அது ஒவ்வொரு மாலையும் வெறுமையாகட்டும். அச்சுக்குக் கொடுக்கு முன் திரையைத் திருப்பிக் காட்டி “இதுதானே? இரண்டு பக்கம் வரும், சரியா?” என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் ஐயாவின் இரண்டாவது தாள் விழுந்திருக்காது.

மேலைநாட்டு நூலகங்களில் அட்டையைத் தேய்த்து, காசு கழிந்த பிறகே தாள் வருகிற இயந்திரங்கள் இருக்கின்றன. காசுச் சண்டை அதில் தீர்ந்துவிடும். ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒருவர் நிற்கவேண்டியிருக்கிறது, அட்டையை எந்தப் பக்கம் தேய்ப்பது என்று சொல்ல.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், போன மாதம், உதவியாளரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மின்னஞ்சல் யோசனை நல்லதாம். மேலே எழுதிக் கேட்டுப் பார்ப்பாராம். கை விஷயத்தில்தான் சிரித்தார்.

“நீங்கள் சொல்லுறது சரி, அங்கிள். ஆனா ‘இதை அமத்துங்கோ, அதை அமத்துங்கோ’ எண்டு சொல்லிக்கொண்டு நிண்டா, ஒரு ஆளுக்கே அரை மணித்தியாலம். பின்னால நிக்கிறவைக்கு யார் மறுமொழி சொல்லுறது? நான் வாங்கினா இரண்டு நிமிசம்.”

அதற்குள் கிண்ணியா உம்மா வந்துவிட்டார். கையில் போன். உதவியாளர் கையை நீட்டினார். பாதியில் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தி, “சரி உம்மா, நீங்களே அனுப்புங்கோ பாப்பம்” என்றார். உம்மா என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.