‘மருந்து’ அதிகாரத்தில் நாம் விட்ட மூன்று குறள்கள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நம் பள்ளிகளிலும் மேடைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதன் பத்துக் குறள்களுள் 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உணவைப் பற்றியன. பருத்த உடலினரைக் கண்டால் நாம் எடுத்து வீசுவது இந்த ஆறனுள் ஒன்றைத்தான். வள்ளுவர் அறிவுரையாகத் தந்தது நம் வாயில் வசையாகிவிடுகிறது. இஃது அதிகாரத்தை இடையில் மூடிவிட்டதால் நேர்ந்த பிழை என்பதே என் கருத்து.

எஞ்சிய மூன்றையும் நோக்குவோம். 948 நோயின் காரணத்தைத் தேடச் சொல்கிறது. 949 நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராயச் சொல்கிறது. நோயாளியின் அளவு என்பதனுள் அவன் படும் வேதனையையும் பரிமேலழகர் சேர்த்தெண்ணினார். 950 நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது.

இது நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர். பிரிக்பீல்ட்சு வாழையிலைச் சாப்பாட்டையும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் இனிப்பு வகைகளையும் குறைகூறினால் போதுமா? பரம்பரை, உறக்கக் குறைவு, மனச்சோர்வு, சிலவகை மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டும். 948 தேடச் சொன்ன காரணங்களுள் இவையும் அடங்கும்.

சிகிச்சையிலும் உடலை மட்டும் நிறுத்துப் பார்ப்பது தீங்காகும். ரிமோனபாண்ட் என்னும் மருந்து 2006இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. எடை குறைந்தது, ஆனால் அதை உண்டவருள் சிலரை மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பற்றின. 2008இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மாறாக, அமெரிக்காவில் நீரிழிவும் மிகை எடையும் உடைய 5,145 பேரிடம் ‘லுக் அஹெட்’ என்னும் நெடிய ஆய்வு நடந்தது. அவருள் ஒரு சாராருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும், உடனிருந்து வழிநடத்துவோரின் துணையும் கிடைத்தன. மாரடைப்பு முதலியன எதிர்பார்த்தவாறு குறையவில்லை. ஆயினும் நடமாட்டம் எளிதாயிற்று, மனச்சோர்வுக் குறிகள் தோன்றுவதும் குறைந்தது. முன்னதில் உடல் மெலிய உள்ளம் வருந்தியது. பின்னதில் இரண்டும் ஒருங்கே ஓரளவு நலம் பெற்றன.

உணவில் அளவு வேண்டா என்பதன்று என் வாதம். எடை குறைந்தால் இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் தணியும். முழங்கால் வலியும் குறையும். ஆனால் இகழ்ச்சி எடையைக் குறைப்பதில்லை. இகழப்பட்டவர் மிகுதியாக உண்ணவும், மருத்துவரிடம் செல்லத் தயங்கவும் முற்படுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன.

பருத்த மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்க, 943ஐ மட்டும் விளக்கிவிட்டு வெளியேறும் ஆசிரியர் சற்று எண்ணிப் பார்ப்பாராக. 950 கூறும் நான்காமவர் வேறெங்கோ இருப்பவர் அல்லர். அம்மாணவனுக்கு அன்று அருகிருப்பவர் அவரே.