ஆப்பிள் மணமும் முகம் மங்கிய படமும்

பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் பியன்வெனிடோ சாண்டோஸ் 1941-இல் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றார். போர் மூண்டது, தாயகம் திரும்ப வழியில்லை. நாடு கடந்து இயங்கிய பிலிப்பைன்ஸ் அரசுக்காக அமெரிக்க நகரங்கள்தோறும் சென்று தம் நாட்டைப் பற்றி உரையாற்றினார். அவ்வலைச்சலில் விளைந்ததே, ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'ஆப்பிள் மணம்' என்னும் சிறுகதை.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஓர் உரை. கேட்போருள் பெரும்பாலோர் வெள்ளையர். இடையே ஒரே ஒரு பிலிப்பைன்ஸ் உழவர், ஃபாபியா. தம் நாட்டவர் ஒருவரைக் காணவேண்டுமென்றே தொலைவிலுள்ள பண்ணையிலிருந்து வந்திருக்கிறார். அவர் எழுந்து, நம் பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததுபோலவே இன்றும் இருக்கிறார்களா என்று கேட்கிறார். ஆடையும் ஒப்பனையும் மாறியிருக்கலாம், உள்ளம் மாறவில்லை என்கிறார் உரையாளர். அது முழுப்பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. பொய்யைக் குறித்துக் குருமடத்தில் நாங்கள் கற்ற வரையறைகள் எவையும் இவ்விடத்தில் எனக்குத் துணைவரவில்லை. அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை எண்ணும்போது, நானும் அவ்வாறே பதிலளித்திருப்பேன் என்றே தோன்றுகிறது.

மறுநாள் அவரது பண்ணை வீடு. வறுமை, எங்கும் ஆப்பிள் மணம். விற்கக் கொண்டுசெல்லும் செலவுக்கே விலை கட்டாத ஆப்பிள்கள். சுவரில் பிலிப்பைன்ஸ் உடையணிந்த பெண்ணொருத்தியின் பழைய படம், முகம் மங்கிவிட்டது. உறவினர் அல்லர், காதலியும் அல்லர். சிக்காகோவில் ஓர் அறையில் கிடைத்த படம் அது. அவள் யாரென்று அவருக்கே தெரியாது!

முதல்முறை படித்தபோது அந்தப் படத்தையே கதையின் உயிர் என்று கொண்டேன். மறையுரையிலும் அவ்வாறே சொன்னேன். தவறு என்னுடையது. அதே வீட்டில் அடுப்படியில் நிற்கிறாள் ரூத், அவருடைய அமெரிக்க மனைவி. பனிப்புயல் வீசிய ஒரு குளிர்காலத்தில் கணவர் நோயில் வீழ்ந்தபோது, கருவுற்றிருந்த அவளே அவரைப் பனியினூடே சாலைவரை கொண்டுவந்து மருத்துவமனை சேர்த்தாள். அங்கேயே தங்கித் தரை துடைத்தாள், பாத்திரம் கழுவினாள். உள்ளம் மாறாத பெண் எங்கே என்று கேட்டவருக்கு விடை அவருடைய வீட்டிலேயே இருந்தது.

பெயரைக் கவனியுங்கள். விவிலியத்து ரூத்து, மாமியார் நகோமியுடன் அயல்நாட்டுக்குச் சென்ற மோவாபியப் பெண். இங்கோ ரூத் சொந்த மண்ணிலேயே இருந்துகொண்டு அந்நியரைப் பற்றிக்கொள்கிறாள். 1933-இல் கலிபோர்னியா, வெள்ளையர் பிலிப்பைன்ஸ் நாட்டவரை மணப்பதைச் சட்டத்தால் தடுத்தது. மிச்சிகனில் அத்தகைய தடை இல்லை. எனினும், நாடு முழுவதும் அத்தகைய பார்வை பரவியிருந்த காலத்தில் அவள் எடுத்த முடிவு எளியதன்று.

சாண்டோஸ்மீது எனக்கொரு குறை உண்டு. ரூத்தை அவர் பேசவிடவில்லை. அவளது பெருஞ்செயலும் கணவரின் வாய்மொழியாகவே நமக்குக் கிட்டுகிறது. ஏக்கம் கொண்ட ஆணுக்கு ஆசிரியர் தந்த இடம் மிகப் பெரிது. இன்று வேலைதேடி வெளிநாடு செல்லும் பிலிப்பைன்ஸ் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். மியா அல்வார் 2015-இல் வெளியிட்ட தொகுப்பில், பஹ்ரைனில் வாழும் பிலிப்பைன்ஸ் மனைவியர் 'நாங்கள்' என்று ஒரே குரலில் பேசும் கதையொன்று உண்டு. வீட்டுவேலைக்கு வந்த தம் நாட்டுப் பெண்களை விருந்துக்கு அழைக்கும் அவர்கள், அதே வேளையில் அவர்களை அளந்தும் பார்க்கிறார்கள். அக்கதையில் கனிவு குறைவு, கூர்மை அதிகம். சாண்டோஸ் கேட்கத் தவறிய குரல் அதில் கேட்கிறது. ஆயினும் மீண்டும் எடுத்துப் படிப்பது சாண்டோஸைத்தான்.

காரணம் அந்த முடிவு. விடைபெறும்போது, ஊர் திரும்பினால் உங்கள் ஊருக்கும் சென்று செய்தி சொல்கிறேன் என்கிறார் உரையாளர். ஃபாபியா நன்றி சொல்லி மறுக்கிறார். அங்கே இனி எவருக்கும் தம்மை நினைவிருக்காது என்கிறார். வெளியே இருள், உள்ளே, ரூத் இருக்கும் வீடு.