கார்ட்டூனைக் குறை சொன்னால் போதுமா?

பிள்ளை அடம்பிடித்தால், தம்பியை அடித்தால், பெரியவர்களை எதிர்த்துப் பேசினால், "எல்லாம் அந்தக் கார்ட்டூன் பண்ற வேலை" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெற்றோர் சந்திப்பு நாளில் இதைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. இந்தக் குற்றச்சாட்டு முழுக்க நியாயமானதுதானா?

முதலில் நன்மையைப் பார்ப்போம். 2007-இல் நோன்பு மாதச் சிறு தொடராகத் தொடங்கிய 'உப்பின் இப்பின்' நம் மலேசியப் படைப்பு. பெற்றோரை இழந்த இரட்டையரைப் பாட்டியும் அக்காவும் வளர்க்கிறார்கள். அவர்களுடைய நண்பர் கூட்டத்தில் மலாய், சீன, இந்திய, சீக்கியப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. பல இனமும் சேர்ந்து வாழ்வதை உபதேசம் இல்லாமல், விளையாட்டு வழியாகவே பிள்ளை கற்றுக்கொள்கிறது. தமிழிலும் வந்த 'டோரா' கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். பிள்ளையும் வாய் திறந்து பதில் சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. 'ஷின்சான்' 1990-இல் ஜப்பானில் பெரியவர்களுக்கான சித்திரக்கதை இதழில் தொடங்கிய கதை. பெரியவர்கள் சிரிப்பதற்காக வரைந்த குறும்பை ஆறு வயதுப் பிள்ளை அப்படியே பழகிக்கொள்கிறது. 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் சுத்தியலால் அடி வாங்கிய பூனை அடுத்த நொடியே எழுந்து ஓடுகிறது. அடித்தால் வலிக்கும் என்பதை அந்தப் படம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

படத்தின் வேகமும் கவனிக்க வேண்டியது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேர் கலந்துகொண்டனர். வேகமாகக் காட்சி மாறும் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தவர்கள், உடனே நடந்த கவனம், பொறுமை சார்ந்த சோதனைகளில், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிடப் பின்தங்கினர். பார்த்தவுடன் ஏற்படும் விளைவை மட்டுமே அந்த ஆய்வு அளந்தது. ஆகவே, கார்ட்டூன் பார்த்தால் மூளை கெட்டுப்போகும் என்று அதை வைத்துப் பயமுறுத்துவது சரியல்ல. ஆனால், வீட்டுப்பாடம் செய்வதற்குச் சற்று முன் அதைப் போட்டுவிடக்கூடாது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி, பெற்றோரின் பங்குக்கு வருவோம். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. முன்பு தொலைக்காட்சியில் கார்ட்டூனுக்கு ஒரு நேரம் இருந்தது. முடிந்ததும் பிள்ளை எழுந்து விளையாடப் போனது. இன்று கைப்பேசியில் ஒன்று முடியும் முன்னே அடுத்தது வந்து நிற்கிறது. "இன்னும் ஒன்னே ஒன்னும்மா" என்பதற்கு முடிவே இல்லை. அந்த முடிவைப் பெற்றோர்தான் வைக்க வேண்டும்.

அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்க்க முடியாதுதான். சோறு ஊட்டும்போது கைப்பேசியை நீட்டும் அம்மாவைத் திட்டிப் பயனில்லை. ஆனால், சாப்பாட்டு மேசையில் இரண்டு கேள்வி கேட்கலாமே! "இன்னைக்கு என்ன பார்த்தே? அவன் செஞ்சது சரியா?" இந்த இரண்டும் போதும். பிள்ளை தமிழில் கதை சொல்லும். நல்லது கெட்டதை யோசிக்கும். ஆசிரியர்களும் வாய்மொழிப் பயிற்சியில் இதே கேள்விகளைப் பயன்படுத்தலாம்.

தேர்வில் இத்தலைப்பில் எழுதும் மாணவர்கள், 'கார்ட்டூன் நல்லதா, கெட்டதா?' என்பதோடு நின்றுவிட வேண்டாம். எந்தப் படம், எந்த வயது, எவ்வளவு நேரம், பக்கத்தில் யார் என்று பிரித்துப் பாருங்கள், வாதம் வலுப்பெறும்.

டோரா கேள்வி கேட்பாள், காத்திருப்பாள். ஆனால் பிள்ளை சொல்லும் பதில் அவள் காதில் விழாது. அதைக் கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். பெற்றோரின் பங்கு அதுதான்.