புது ஏரி, ஆகஸ்ட் வெயில், ஒரு பெடல் கயாக்

தெரிந்த ஏரியில் எந்தக் கயாக்கும் நல்ல கயாக்தான். மீன் எங்கே நிற்கும், எந்த முனையில் காற்று மோதும், எங்கே மரம் மூழ்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் ஓட்டுபவருக்கே அத்துப்படி என்பதால், படகின் குறையைத் தன்னை அறியாமலே அவர் ஈடுகட்டிவிடுவார். ஒரு படகும் அதில் மாட்டிய கருவியும் உண்மையில் எவ்வளவு கைகொடுக்கும் என்று பார்க்க வேண்டுமானால், முன்பின் தெரியாத ஏரிக்கு, மீன் எளிதில் வாய் திறக்காத பருவத்தில் அவற்றைக் கொண்டுபோக வேண்டும். ஹோபி நிறுவனத்தின் மிராஜ் ப்ரோ ஆங்லர் 12 கயாக்கையும், கார்மின் ஸ்டிரைக்கர் 4 என்ற சின்ன சோனாரையும் ஆகஸ்ட் மாதத்தில் கிழக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் இறக்கியது அதற்காகத்தான்.

முதலில் ஏரியைப் பற்றி. டல்லாஸிலிருந்து கிழக்கே, காலை நேரத்தில் கிளம்பினால் ஒன்றரை மணி நேர ஓட்டம். 1980இல் அணை கட்டித் தண்ணீர் நிறுத்திய ஏரி இது. பரப்பு 27,000 ஏக்கருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 110 சதுர கிலோமீட்டர். நீர் நிரப்பும்போது உள்ளே இருந்த காட்டில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்தும் பட்டமரங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தலை நீட்டாதவை இன்னும் அதிகம். விசைப்படகுக்காரர்களுக்கு இது தொல்லை. அடையாளக் கம்பம் நட்ட படகுப் பாதையை விட்டு விலகினால் எதில் மோதுவோம் என்று தெரியாது. லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கோ இதைவிடச் சொர்க்கம் வேறில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் சிக்கியது. 1986இல் பிடிபட்ட 17.67 பவுண்டு மீனும் இந்த ஏரியுடையதே. அதை உயிரோடு வாங்கி வைத்ததில் தொடங்கியதுதான், பெரிய பாஸ்களை இனப்பெருக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் அந்த மாநிலத்தின் ‘ஷேர்லங்கர்’ திட்டம்.

இந்தப் புகழையெல்லாம் ஆகஸ்ட் மாதம் ஒரே அடியில் கீழே போட்டுவிடும். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும். விடியலில் ஒன்றிரண்டு மணி நேரம் பாசி ஓரத்தில் மீன் மேயும். பிறகு ஆழத்துக்குப் போய்விடும். 110 சதுர கிலோமீட்டரில் எந்த ஆழம் என்பதுதான் கேள்வி.

கயாக்குக்கு வருவோம். ப்ரோ ஆங்லர் 12, பெயரில் இருப்பது போலவே 12 அடி நீளம். அகலம் 36 அங்குலம். அகலத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எழுந்து நின்று தூண்டில் வீசலாம், திரும்பலாம், மீனைத் தூக்கக் குனியலாம், படகு பெரிதாக ஆடாது. நாற்காலியும் அப்படியே: வலைத்துணி கட்டிய, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய, கழற்றிக் கரையில் போட்டு உட்காரக்கூடிய உண்மையான நாற்காலி. துடுப்பால் ஓட்டும் பழைய கயாக்கில் ஈரப் பள்ளத்தில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இந்தப் படகின் உயிர் மிராஜ் டிரைவ் என்ற மிதிபொறியில் இருக்கிறது. ஹோபி இதை 1997இல் கொண்டுவந்தது. சுழலும் விசிறி கிடையாது. படகின் வயிற்றுக்கு அடியில் இரண்டு ரப்பர் சிறகுகள்; காலை மாற்றி மாற்றி மிதிக்க, அவை இடமும் வலமுமாக வீசித் தண்ணீரைப் பின்னே தள்ளும். பென்குயின் நீந்தும் விதத்திலிருந்து எடுத்த யோசனை என்று நிறுவனமே சொல்கிறது. சைக்கிள் போல வட்டமாகச் சுற்ற வேண்டியதில்லை. முன்னே பின்னே தள்ளினால் போதும். ஒரு ஆள் வேகமாக நடக்கும் வேகத்தில், மூச்சு வாங்காமல் நீண்ட நேரம் போகலாம். திசை திருப்ப இடது கைப்பக்கம் சின்னதாக ஒரு பிடி. இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைத்துவிடுகிறது என்பதே இதன் மொத்த நியாயமும்.

நான் ஓட்டியது 180 என்ற வகை. கயிற்றை இழுத்தால் சிறகுகள் திரும்பிக்கொள்ளும், படகு பின்னோக்கிப் போகும். எல்லாத் திசையிலும் நகரும் 360 வகையும் உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறும்.

விடியுமுன் இறக்கியபோது முதலில் தெரிந்தது சத்தமின்மை. (சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை கயாக்கிலும் வெள்ளை விளக்கு வேண்டும்; சட்டம் மட்டுமல்ல, முழு வேகத்தில் வரும் பாஸ் படகுக்காரருக்கு நீங்கள் தெரிய வேறு வழி இல்லை.) பாசி ஓரமாக முழங்கால் ஆழத்தில் நுழையும்போது ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளினால் போதும், இரண்டு சிறகும் படகின் அடியோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்த நிலையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ரப்பர் தவளையைப் பாசிமேல் இழுத்து வரலாம். மூழ்கிய கட்டையில் இடித்தால் சிறகு மடங்கி, பிறகு தானே நிமிர்கிறது. பாசிக்கு நடுவே மிதிப்பது மட்டும் எந்தப் பெடல் கயாக்குக்கும் ஒவ்வாத வேலை. சிறகானாலும் விசிறியானாலும் சுற்றிக்கொள்ளும். அங்கே துடுப்புதான், துடுப்பை வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம்.

வெயில் ஏறியதும் ஓரம் செத்துப்போனது. இனி ஸ்டிரைக்கர் 4இன் முறை.

கையடக்கமான கருவி. திரை 3.5 அங்குலம். விலை 150 டாலருக்குள். 12 வோல்ட் சின்ன பேட்டரி போதும். அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை என்பதால் ஒரு நாள் முழுக்க ஓடும். ஜிபிஎஸ் உண்டு, ஆனால் ஏரியின் வரைபடம் கிடையாது. நீங்கள் குறித்து வைக்கும் புள்ளிகளும் நீங்கள் வந்த தடமும் வெற்றுத் திரையில் தெரியும், அவ்வளவே. புது ஏரிக்கு வரைபடமில்லாத கருவியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆழக் கோடுகள் கொண்ட வரைபடச் செயலி ஒன்றை முந்தின இரவே போனில் பார்த்து, ஏரியின் கேனி கிரீக் கிளையில் ஒரு முனையும் அதை ஒட்டிப் பழைய ஓடைப் பள்ளம் வளைகிற இடமும் குறித்துக்கொண்டேன். பழைய ஓடைகளும் கரைமேடுகளும் நீருக்கடியில் அப்படியே இருக்கின்றன. கோடைப் பாஸுக்கு அவை நெடுஞ்சாலையும் வாசல் திண்ணையும். போன் இடத்தைக் காட்டும். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்பதை சோனார்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் திரையைப் படிப்பதில் புதியவர்கள் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில். திரை முழுவதும் இந்த நிமிடத்துப் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலது ஓரத்துக் கடைசிக் கோடு மட்டுமே இப்போது படகுக்கு அடியில் இருப்பது. மற்றதெல்லாம் கடந்துவிட்ட தண்ணீர். படகு நின்றுவிட்டாலும் படம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே மீன் அடியில் நிலையாக நின்றால் நீண்ட கோடாக விழும்; கடந்துபோனால் வளைவாக விழும். அடித்தளக் கோடு தடித்துப் பளிச்சென்று இருந்தால் கெட்டித் தரை, சரளை. மெலிந்து மங்கினால் சேறு.

இன்னொன்று, ஒலிக்கற்றையின் அகலம். 200 கிலோஹெர்ட்ஸில் கற்றை 15 டிகிரி. 20 அடி ஆழத்தில் அது பார்ப்பது ஐந்தேகால் அடி விட்டமுள்ள ஒரு வட்டத்தை மட்டுமே. 77 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் கற்றை 45 டிகிரியாக விரிந்து பதினாறரை அடி வட்டம் பார்க்கும், ஆனால் விவரம் குழம்பும். தேடும்போது அகலம், கண்ட பிறகு குறுகல் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

கோடைக்கு இந்தக் கருவி செய்யும் பெரிய உதவி மீனைக் காட்டுவது அல்ல. உணர்திறனைக் கொஞ்சம் கூட்டினேன். 22 அடியில் திரையின் குறுக்கே ஒரு புகைக்கோடு வந்தது. தெர்மோக்ளைன். கோடையில் மேலே சூடான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். இரண்டும் கலக்காமல் அடுக்காக நின்றுவிடும். காற்றோடு உறவற்றுப்போன கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் மீன் அங்கே தங்காது. அதாவது, 22 அடிக்குக் கீழே இருக்கும் ஏரி முழுவதும் ஒரே நொடியில் கணக்கிலிருந்து கழிந்தது. ஆழ ஓடையின் அடித்தளத்தில் இரையை இழுத்துக்கொண்டு பாதி நாளை வீணடிக்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே எந்த மேடும் முனையும் முட்டுகின்றனவோ, அவற்றை மட்டும் பார்த்தால் போதும். 150 டாலருக்குள் வாங்கும் ஒரு பொருள் 110 சதுர கிலோமீட்டரை இப்படிச் சுருக்கித் தருகிறதென்றால், வேறு என்ன வேண்டும்?

இங்கே ஒரு பக்கப் பேச்சு. படகுக்கு முன்னால் இருக்கும் மீனை அந்தக் கணமே அசையும் படமாகக் காட்டும் லைவ்ஸ்கோப் கருவியை 2018இல் கார்மினே கொண்டுவந்தது. அதன் பிறகு பாஸ் பந்தயங்களில் அதை அனுமதிப்பதா கட்டுப்படுத்துவதா என்ற சண்டை ஓயவில்லை. கயாக்கில் அதை மாட்டினால் பெரிய பேட்டரி, தனிக் கம்பம், ஆயிரக்கணக்கில் டாலர். மீனின் மூக்குக்கு முன்னே இரை இறங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டே பிடிப்பது எனக்கு மீன்பிடிப்பாகப் படவில்லை. இது ரசனை விஷயம்; வாதத்துக்கு வரவில்லை.

முனையின் சரிவில் 18 அடியில் கெட்டித் தரை வந்தது. கரோலைனா ரிக் போட்டேன்: கனமான ஈயம் முன்னே தரையில் உரசி வர, மூன்றடி பின்னே ரப்பர் புழு மிதந்து வரும் கட்டு. அதற்குள் தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. துடுப்புக் கயாக்காக இருந்தால் அந்த இடத்தோடு அன்றைய வேலை முடிந்திருக்கும். இரண்டு வீச்சு, நாலு துடுப்பு, மறுபடி இரண்டு வீச்சு என்று அல்லாட வேண்டும். பெடலில், காற்றுக்கு முகம் கொடுத்து மெல்ல மிதித்துக்கொண்டே அதே இடத்தில் நிற்க முடிந்தது. கண் திரையில், கை தூண்டில் நரம்பில். தெரியாத ஏரியில் கண்டுபிடித்த ஒரே நல்ல இடத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் முக்கியம். பெடலின் பெருமை வேகத்தில் என்று விளம்பரங்கள் சொல்லும். எனக்கு அது நிற்பதில்தான் தெரிந்தது.

மீன் கடித்ததும் வேறொரு கணக்கு வருகிறது. கயாக் இலேசானது, நல்ல பாஸ் ஒன்று இழுத்தால் படகே மீனை நோக்கிப் போகும். மரத்துக்குப் பக்கத்தில் இது ஆபத்து, நரம்பு கிளையில் சிக்கி அறுந்துவிடும். பின்னோக்கி மிதித்து மீனை வெளியே இழுக்க வேண்டும். விசிறி வைத்த போட்டிக் கயாக்குகளில் பெடலைப் பின்பக்கம் சுற்றினாலே பின்னே போகும். 180இல் கயிற்றைத் தேடி இழுக்க வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும். மரக்காட்டில் மட்டுமே மீன்பிடிப்பவராக இருந்தால் விசிறி வகையைத்தான் நான் சொல்வேன்.

வந்தது 19 அங்குல மீன். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையான பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். 24 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நாளுக்கு ஒன்று மட்டும். ஆகவே அளவுப் பலகை இங்கே அலங்காரப் பொருள் அல்ல. தலைப்பக்கம் தடுப்பும் ஆழமாக வெட்டிய கோடுகளும் உள்ள அலுமினியப் பலகை வாங்குங்கள். பலகையை முதலில் நீரில் நனைத்துவிடுங்கள், வெயிலில் காய்ந்த உலோகம் மீனின் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். கயாக் பந்தயங்களும் இந்தப் பலகையை வைத்துத்தான் நடக்கின்றன: எடை கிடையாது, பலகையில் வைத்துப் படம், பிறகு தண்ணீரில் விடுதல். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஆகஸ்டில் படத்துக்காக மீனை மடியில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது.

திரைபற்றி ஒரு குறிப்பு. போலரைஸ்டு கண்ணாடி போட்டால் நீருக்குள் பார்வை தெளியும். அதே கண்ணாடி எல்சிடி திரைகளைச் சில கோணங்களில் கறுப்பாக்கிவிடும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைவிட, மாட்டும்போதே கோணம் பார்த்துக்கொள்வது மேல்.

இப்போது கசப்பான பகுதி. எல்லாம் மாட்டினால் ப்ரோ ஆங்லர் 12 ஐம்பது கிலோவைத் தாண்டும். காரின் கூரையில் தனியாளாக ஏற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். டிரெய்லர் அல்லது பிக்கப் வேண்டும், கரையில் தள்ளிக்கொண்டு போகச் சக்கர வண்டி வேண்டும். விலை 4,000 டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்குப் பழைய அலுமினியப் படகும் சின்ன மோட்டாரும் கிடைக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கயாக்கின் பக்கம் சாய்வதற்குக் காரணம், மோட்டார் படகுகள் நுழையத் தயங்கும் பட்டமரக் காடு அத்தனையும் உங்களுக்குத் திறந்திருக்கும் என்பதே.

என் தீர்ப்பு இதுதான். கையில் ஏதோ ஒரு கயாக் இருந்தால் அதை மாற்றாதீர்கள். முதலில் அதில் ஒரு ஸ்டிரைக்கர் 4 மாட்டுங்கள். புது ஏரியில் உங்களுக்கு அதிகம் கற்றுத்தருவது அதுதான். காற்று வீசும் பெரிய ஏரிகளில் அடிக்கடி பிடிப்பவர், வண்டியும் இடமும் உள்ளவர் ப்ரோ ஆங்லர் 12ஐ வாங்கலாம்; ஆனால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்களே ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு. டெக்சாஸில் 17 வயது நிரம்பியவருக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை நாற்காலிக்குப் பின்னே செருகாமல் போட்டுக்கொள்ளுங்கள். கரையேறியதும் படகில் தேங்கிய நீரை ஏரியை விட்டுக் கிளம்பும் முன் வடித்துவிடுங்கள். ஸீப்ரா மசல் என்ற ஆகாத சிப்பி ஏரி விட்டு ஏரி பரவாமலிருக்க 2014 முதல் அந்த மாநிலத்தில் அது சட்டம், மோட்டார் இல்லாத கயாக்குக்கும் அது பொருந்தும்.