சினிமாவுக்குப் போர்ட்டட், பாட்டுக்கு சீல்டு: இந்த விதி எங்கே உடைகிறது?

சப்வூஃபர் வாங்கப் போகும் எவரும் முதல் நாளே கேட்டுவிடும் விதி இது. படம் பார்ப்பவனுக்குத் துளை வைத்த பெட்டி, அதாவது போர்ட்டட். பாட்டு கேட்பவனுக்கு மூடிய பெட்டி, அதாவது சீல்டு. யூடியூப் விமர்சகர் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நானும் நம்பினேன். வீட்டில் படம்தான் அதிகம் ஓடும் என்று போர்ட்டட் வாங்கினேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், படம் அதேபோல ஓடிக்கொண்டிருந்தது, ராஜா பாட்டு கேட்பதுதான் நின்றுபோயிருந்தது. எனக்கே தெரியாமல் நின்றிருந்தது. அது ஏன் என்று தேடிய குறிப்புகள்தான் கீழே வருபவை. விதி சொல்லும் காரணம் தப்பு என்பது என் முடிவு.

முதலில் பெட்டிகள். என்னிடம் இருந்தது எஸ்விஎஸ் பிபி-1000 ப்ரோ. எர்ணாவூர் நண்பரிடம் இருந்தது அதே கம்பெனியின் எஸ்பி-1000 ப்ரோ. இரண்டுக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், 325 வாட் ஆம்ப். முக்கிய வித்தியாசம் பெட்டிதான், அதனால் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. தயாரிப்பாளர் கணக்கில் சீல்டு 20 ஹெர்ட்ஸ் வரை, போர்ட்டட் 17 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

போர்ட் என்ன செய்கிறது என்று புரிய கடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பானைக்குள் இருக்கும் காற்றும் வாயில் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட கீழ்ச்சுரத்தில் ஊசலாடும். வித்வான் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது அந்தச் சுரம் மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். போர்ட்டட் பெட்டியும் அதே சங்கதிதான். ட்யூன் செய்த இடத்தில் ஸ்பீக்கர் அதிகம் அசையாமலேயே காற்று வேலையைச் செய்துவிடும். ஆனால் அதற்குக் கீழே போனால் ஒலி ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் விழும். மூடிய பெட்டியில் 12 டெசிபல்தான் விழும், அதுவும் மெதுவாக.

போர்ட்டட் பெட்டி "ஸ்லோ", அதனால் பாட்டுக்கு ஆகாது என்பது குற்றச்சாட்டு. இதில் கால்வாசி உண்மை உண்டு. ட்யூன் செய்த இடத்தை ஒட்டி ஒலி தாமதமாகத்தான் வெளியே வரும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தப் பெட்டியில் அது 20 ஹெர்ட்ஸை ஒட்டி. நம் பாட்டு எங்கே இருக்கிறது? ராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் கிடாரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தந்தி பேஸ் கிடாரின் ஆகக் கீழான சுரம் ஈ, 41 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தில், சுருதி ஒரு கட்டை என்றால் 131 ஹெர்ட்ஸ், ரவை பூசிய தொப்பியை ஒரு ஸ்தாயி கீழே வைத்தால் சுமார் 65. இரண்டுமே போர்ட் தடுமாறும் இடத்துக்கு ஒரு ஸ்தாயியோ அதற்கும் மேலோ தள்ளி இருக்கின்றன. அங்கே நடக்கும் தாமதம் இந்தச் சுரங்களை எப்படிக் கெடுக்கும்?

சோதித்துப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளையும் ஒரே மூலையில் அடுத்தடுத்து வைத்து, மைக்கும் ஆர்ஈடபிள்யூ மென்பொருளும் வைத்து ஒலி அளவைச் சமப்படுத்தினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் ஒயரை மாற்றினாள். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். "அப்பா, இதுக்கா ரெண்டு பெட்டி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அப்படியானால் எட்டு மாதம் பாட்டு ஏன் கசந்தது? இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று என் கை வேலை. 5.1 படத்தில் '.1' என்று தனியாக ஒரு தாழொலித் தடம் உண்டு. மற்ற தடங்களைவிட 10 டெசிபல் அதிகமாக ஒலிக்கும்படி அமைத்த தடம் அது. (தியேட்டர் டிடிஎஸ்ஸில் அதைச் சரவுண்ட் தடங்களின் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். 1996-இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில் வந்தபோது இதெல்லாம் யாருக்குத் தெரியும், காது கிழிந்தது என்று பேசிக்கொண்டோம்.) பாட்டு இரண்டே தடம். அதில் '.1' கிடையாது, இடது வலது தடங்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை ரிசீவர் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புகிறது. படத்தில் குண்டு வெடிப்பதற்காக நான் 5 டெசிபல் ஏற்றி வைத்திருந்தேன். அதே ஏற்றம் பேஸ் கிடார் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. "போர்ட்டட்டில் பாட்டு கொழகொழ" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் ஹால். 15 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நம் ஊரின் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 38 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57. நீளத்தின் அடுத்த படி 76. இந்த இடங்களில் அறையே ஒரு வாத்தியம். என் சோபா ஹாலுக்கு நட்டநடுவில், பின்னால் சாப்பாட்டு மேசை. நட்டநடுவில் 38-ம் 52-ம் அநேகமாகக் கேட்காது, 76 வீங்கும். ஆக ஒரே பேஸ் வரியில் கீழ் ஈ-யும் ஜி ஷார்ப்பும் மெலிந்து போக, ஏ ஷார்ப்பும் மேல் டி ஷார்ப்பும் முட்டிக்கொண்டு வரும். நன்றாக வாசித்தவரை, தாளம் தெரியாதவர் வாசித்ததுபோல ஆக்கிவிட்டது என் ஹால்.

ஆங்கில விமர்சனங்கள் மேல் எனக்குள்ள பெரிய குறை இங்கேதான். அவர்கள் கேட்பது மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீட்டில். அந்தச் சுவர் தாழொலியில் தானும் ஆடி, கொஞ்சத்தைத் தின்றுவிடும். நம்முடையது ஒன்பது அங்குலச் செங்கல், மேலே கான்கிரீட் தளம். தின்னாது, திருப்பி அனுப்பும். வீக்கம் இன்னும் பெரிதாகும், அடங்க இன்னும் நேரமாகும். காத்திவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஹாலில் எழுதிய "டைட் பேஸ்" என்ற வார்த்தையை நம்பிக் காசு போடுவது, அடுத்தவர் கண்ணாடிக்கான சீட்டை வைத்து எனக்குக் கண்ணாடி வாங்குவது மாதிரி.

படம், பாட்டு என்ற பிரிவினையும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்துக்கு ஹான்ஸ் சிம்மர் லண்டன் டெம்பிள் சர்ச்சின் ஆர்கனைப் பதிவு செய்தார். பெரிய ஆர்கனின் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அது படமா, பாட்டா? ஆர்கன் இசை கேட்பவருக்குப் போர்ட்டட்தான் சரி. வெறும் வசனப் படம் பார்ப்பவருக்கு இரண்டுமே தேவையில்லை.

இனி, உண்மையில் என் முடிவை மாற்றிய விஷயம். டிவி இருக்கும் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "தம்பி, பாட்டெல்லாம் ஒண்ணும் கேக்கல. ஆனா ராத்திரி பீரோ கண்ணாடி மட்டும் ஆடுது." அவர் கணவருக்கு இரவு ஷிப்ட் மாறி மாறி வரும், வீட்டில் இருக்கும் நாளில் தூங்க வேண்டும். கன்டெய்னர் லாரி போகும்போது ஆடுவது பழகிவிட்டதாம், இது பழகவில்லை என்றார். "சரிக்கா" என்றேன். வேறென்ன சொல்வது?

நான் பாட்டு கேட்பதே ராத்திரி பத்துக்கு மேல்தான். மெல்ல வைத்தால் பேஸ் முதலில் காணாமல் போகும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள், காது தாழொலிக்கு மந்தம். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்கவே ஏறத்தாழ 50 டெசிபல் வேண்டும். அதனால் கூட்டினேன். என் சோபாவிலோ 38 ஹெர்ட்ஸ் கேட்காத இடம். ஆனால் அந்த அலையின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது இரு முனைச் சுவர்களில். நான் கேட்காமல் கூட்டியதெல்லாம் அக்கா வீட்டுச் சுவரில் போய் அடித்திருக்கிறது.

தீர்வு, பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. ஒன்பது அடியில் இருப்பதை இரண்டு அடிக்குக் கொண்டுவந்தால் திறந்த வெளிக் கணக்கில் 13 டெசிபல் லாபம். அறைக்குள் அவ்வளவு கிடைக்காது, எனக்கு 6, 7 டெசிபல் குறைக்க முடிந்தது. நடுவில் வைத்த பெட்டி 38 ஹெர்ட்ஸைத் தூண்டுவதும் இல்லை. ரிசீவரில் தூரத்தை மாற்றிப் போட மறக்கக் கூடாது, இல்லையென்றால் பேஸ் முந்திக்கொண்டு வரும். இதைச் செய்ய சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் இடம் வேண்டும். ஓரடிச் சொச்சத்தில் அடங்கும் 12 கிலோ சீல்டு அங்கே போனது. ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் உள்ள போர்ட்டட் போகவில்லை. நண்பரோடு பெட்டியை மாற்றிக்கொண்டேன். ஆக நானும் கடைசியில் பாட்டுக்கு சீல்டு என்றுதான் வந்து நின்றேன், ஆனால் வேகத்துக்காக அல்ல, அளவுக்காக.

இழப்பு இல்லாமல் இல்லை. படத்தில் 20-க்குக் கீழ் வரும் அந்த அடிவயிற்று அசைவு குறைந்துவிட்டது. மூடிய அறையில் சீல்டு பெட்டிக்கு அறையே கொஞ்சம் கை கொடுக்கும் என்பார்கள். கடல் காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் அந்த உதவியும் வெளியே போய்விடும். உப்புக் காற்றில் ஆர்சிஏ சாக்கெட் பச்சை பிடிப்பது தனிக் கதை, அது இரண்டு பெட்டிக்கும் பொது.

அக்கா வீட்டுக் கண்ணாடி இப்போது ஆடுவதில்லை, கேட்டுவிட்டேன். 57 ஹெர்ட்ஸ் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அது தரைக்கும் தளத்துக்கும் நடுவில் ஓடுவது, பெட்டி தரையில் இருக்கும்வரை தூண்டிக்கொண்டே இருக்கும். பெட்டியை ஐந்தடி உயரத்தில் வைத்தால் குறையும் என்கிறது கணக்கு. வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. ஈக்வலைசரில் 4 டெசிபல் வெட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.