பச்சிலையும் பச்சூலியும்

ஆங்கில அகராதியில் தமிழ்ச்சொல் ஒன்று தென்பட்டுவிட்டால் நம்மவர்க்கு உண்டாகும் களிப்புக்கு அளவில்லை. கட்டுமரம் போயிற்று, சுருட்டு போயிற்று, மிளகுத்தண்ணீரும் போயிற்று என்று மேடையில் விரல்விட்டு எண்ணுவோம்; கைதட்டுப் பெறுவோம்; வீடு திரும்புவோம். அச்சொல் யார் கையில் போயிற்று, போன இடத்தில் என்ன வேலை செய்தது என்று கேட்பார் அரியர். டெங்கிலிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில், ‘பச்சூலி’ என்னும் நறுமணப் பொருளின் பெயர் நமது ‘பச்சிலை’யே என்றும், இதனை நம் இலக்கியப் பகுதியில் பறைசாற்ற வேண்டும் என்றும் வற்புறுத்தியிருக்கின்றார். பறைசாற்றுமுன் ஆராய்வது நம் கடன். ஆராய்ந்த அளவில் அன்பர் கூறியது பெரும்பாலும் உண்மை என்றே நமக்குப் படுகின்றது. ஆயின் அவர் காட்டிய காரணத்தால் அன்று.

முதலில் செடியைப் பற்றி. பச்சூலி, துளசியும் புதினாவும் திருநீற்றுப்பச்சையும் சேர்ந்த குடும்பத்தது. ஈரமும் அரைநிழலும் விரும்புவது. ஆதலின் மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, பிலிப்பைன் தீவுகள் ஆகிய இடங்களில் எளிதில் வளரும். மலாய்க்காரர் இதனை ‘நிலாம்’ என்பர். பயிரிடப்படுவது பூப்பது மிக அருமை. தண்டை வெட்டி நட்டே பெருக்குவர். மணம் முழுவதும் இலையில் உள்ளது. அதுவும் பறித்த இலையை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. உலர்த்தி அடுக்கி வைத்தபின்னரே மழை பெய்த மண்ணையும் பழைய மரப்பெட்டியையும் ஒருங்கே நினைப்பூட்டும் அந்தக் கனத்த மணம் எழும். நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெயோ ஆண்டு ஏற ஏறச் சிறக்கும். இன்று அவ்வெண்ணெயில் பெரும்பகுதியை உலகுக்குத் தருவது இந்தோனேசியா.

இவ்விலைக்கும் மெல்லிய ஆடைக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் கதையின் சுவை இருக்கின்றது. காசுமீரச் சால்வை என்பது சாங்தாங் மேட்டுநிலத்து வெள்ளாட்டின் உள்மயிரால் நெய்யப்படுவது. ஒரு சால்வை முடியத் திங்கள் பல ஆகும், சிலவற்றுக்கு ஆண்டும் ஆகும். 1798-இல் நெப்போலியன் எகிப்தின்மேல் படையெடுத்துச் சென்ற காலந்தொட்டுப் பிரெஞ்சு நாட்டுப் பெருமாட்டிகளுக்கு இச்சால்வைமீது தீராத மோகம் பிறந்தது. அவன் மனைவி சோசபீன் அம்மையே இதற்கு முன்னோடி. கம்பளி உண்ணும் அந்துப்பூச்சியைத் தடுக்க வணிகர் சால்வை மடிப்புகளுக்கிடையே உலர்ந்த பச்சூலி இலையை வைத்து அனுப்பினர். பூச்சிக்கு வைத்த இலை துணியில் ஏறி, துணியின் சான்றாகவே மாறிற்று. வாங்குவோர் கண்ணால் பார்த்து நம்பாமல் மூக்கால் முகர்ந்து நம்பினர். அம்மணம் இருந்தால் மெய்யான இந்தியச் சால்வை, இல்லாவிட்டால் போலி.

பிரெஞ்சுத் தறிகளும் இசுக்காத்துலாந்தின் பெயிசிலித் தறிகளும் நெசவைப் போலச் செய்யக் கற்றுக்கொண்டன. சக்கார்டு என்பவர் 1804-இல் அமைத்த தறி அதற்குப் பின்னர்ப் பெருந்துணையாயிற்று. மணத்தைமட்டும் நெய்ய இயலவில்லை. இறுதியில் பிரெஞ்சு நெசவாலைக்காரர் மறைபொருளைக் கண்டுகொண்டு, இலையையே கப்பலில் வருவித்துத் தம் நாட்டுச் சால்வைக்கு மணமூட்டி இந்தியச் சரக்கென்று விற்றனர். பீசு என்னும் ஆங்கில நறுமணக் கலைஞர் 1855-இல் வெளியிட்ட தம் நூலில் இதனை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கின்றார். ஆக, நம் சொல் மேல்நாட்டில் குடியேறிய பொழுது செய்த முதல் வேலை பொய்ச்சரக்குக்கு மெய்ச்சான்று கூறியது! பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுவாராக.

இனிச் சொல்லுக்கு வருவோம். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இச்சொல்லின் பிறப்பை ஒரு சிக்கல் என்றே கூறுகின்றது. வங்காளச் சொல் என்பார் ஒரு சாரார். பிரெஞ்சு அகராதியாளர் லித்ரே, ‘பச்சை என்பதன் இலை’ என்று பிரித்துப் பொருள் கூறினார். நம் அன்பரோ ‘பச்சை நிற இலை’ என்று பொருள் கொண்டு, இதனினும் தெளிவு வேண்டுமோ என்கின்றார். வேண்டும் என்பதே நம் விடை. உலகில் எந்த இலைதான் பச்சையில்லை? மேலும், கடைக்கு வந்தது உலர்ந்து பழுப்பேறிய சருகு. சருகுக்குப் ‘பச்சிலை’ என்று பெயரிடும் வணிகன் எவன்?

லித்ரே தமிழ் அறியாமையால் ‘பச்சை’யை ஓர் இயற்பெயராகக் கொண்டுவிட்டார் என்று நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. நாமோ, அயலாராகிய அவரே உண்மைக்கு அணித்தாக வந்தார் என்போம். தமிழில் ‘பச்சை’ வெறும் நிறப்பெயர் அன்று. மணமுள்ள சிறு செடிகளுக்கு அது குடிப்பெயர்போல் வழங்குவது. திருநீற்றுப்பச்சை என்கிறோம், கதிர்ப்பச்சை என்கிறோம். இந்தக் கதிர்ப்பச்சையே பச்சூலியின் உடன்பிறந்த செடி. தென்னிந்திய மலைச்சாரலுக்கு உரியது. மாலையில் வைத்துக் கட்டப்படுவது. கன்னடத்தார் அதனைப் ‘பச்செதெனெ’ என்பர்; தெனெ என்றால் கதிர். முன்னதைப் பின்னாக மாற்றினால் கதிர்ப்பச்சையும் பச்செதெனெயும் ஒரே பெயர். வங்காளத்துக் கடைவழக்கு ‘பச்சாபாத்து’. பாத்து என்றால் இலை. ஆங்கிலேய வணிகர் கணக்கில் ‘பேச்சு இலை’ என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. அங்கும் பின்பாதி மட்டுமே ஆங்கிலம். வாசகர்கள் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டுகின்றோம். இலை என்னும் பின்பாதி ஒவ்வொரு மொழியிலும் அவ்வம் மொழிக்கு மாறிற்று. ‘பச்சை’ என்னும் முன்பாதி மாறாது நின்றது. நிறப்பெயராயிருந்தால் அதனையும் மொழிபெயர்த்திருப்பர். மாறாமைக்குக் காரணம் அது செடியின் பெயர் என்பதே.

வங்கமொழியில் ‘பசா’ என்றால் அழுகியது என்று பொருள். ஆகவே அழுகிய இலை என்றும் சொல்லிவிடலாம். இலையை அடுக்கிப் புழுங்கவைப்பதும் உண்மைதான். ஆயினும் ‘அழுகல்’ என்று கூவிக்கொண்டு நறுமணம் விற்ற வணிகனை நாம் கேள்விப்பட்டதில்லை.

எஞ்சியது ஒலி. இலை எவ்வாறு ‘ஊலி’ ஆயிற்று? வெட்டிவேர் பிரெஞ்சு நாட்டுக்குப் போயும் ஏறக்குறைய வெட்டிவேராகவே இருக்கின்றது. பச்சிலைக்கு மட்டும் ஏன் இத்தனை திரிபு? தக்காணத்து இந்துத்தானியில் ‘பச்சோலி’ என்னும் வடிவம் இருந்ததை யூலும் பர்னெலும் பதிந்துள்ளனர். தமிழ், கன்னட, தெலுங்கு நாடுகளின் சந்தியில் பேசப்பட்ட அம்மொழியின் வாயில் புகுந்து வந்தமையால் உருமாறிற்று என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இதற்குள் ஒரு புலவர், ‘பச்சை, ஓலை, பச்சோலை, பச்சோலி’ என்று புணர்த்துக் காட்டி முடித்துவிடுவார். ஒலி இனிதாகவே பொருந்துகின்றது. ஆனால் தமிழன் துளசிக்கு ஓலை என்று எப்பொழுதாவது சொன்னானா? பனைக்கும் தென்னைக்கும் உரியது ஓலை. புறத்தே வயிரமுள்ள புல்லினத்துக்கு ஓலையும் அகத்தே வயிரமுள்ள மரத்துக்கு இலையும் என்று தொல்காப்பிய மரபியலே வரம்பு கட்டியிருக்கின்றது. ஒலி பொருந்தினால் போதும் என்னும் ஆராய்ச்சி, தமிழுக்கு நன்மை செய்வதாகக் கருதித் தமிழ் மரபையே மறந்துவிடுகின்றது.

மலாய்ப் பெயர் ‘நிலாம்’ என்பதையும் நம் ‘நீலம்’ என்றே சாதிப்பவர் உளர். நீலமணியைக் குறிக்கும் மலாய்ச் சொல் இந்திய நாட்டிலிருந்து வந்ததே, ஐயமில்லை. செடியின் பெயர் வேறு. சாவகத்தில் அது ‘டிலெம்’. இவ்விரண்டும் அந்தத் தீவுகளின் சொந்த வழக்கென்று கொள்வதே முறை. மலாய்க்காரரின் வீட்டுக் கொல்லைச் செடிக்கும் நாம்தான் பெயரிட்டோம் என்பது நட்புக்கும் அழகன்று, அறிவுக்கும் அழகன்று. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய ‘பெலெக்காட்டு’ லுங்கியை அவர்கள் நாள்தோறும் உடுத்துகின்றார்களே, அந்த உண்மை ஒன்று போதாதா? கன்னடர்க்கும் தெலுங்கர்க்கும் மலையாளிகளுக்கும் ‘பச்சை’யில் பங்குண்டு என்பதையும் அன்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலரைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் ‘பசும்பிடி’ ஒன்று. அதற்கு நச்சினார்க்கினியர் பச்சிலைப்பூ என்று உரை எழுதினார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அவ்வுரையுடன் அச்சிட்டபின் அது நம்மவர் அனைவர்க்கும் எட்டிற்று. இதனைக் கண்டு, சங்க மகளிர் பச்சூலிப் பூச்சூடினர் என்று எழுதுவோர் எழுதலாம். அந்தப் பச்சிலை மரம். தமாலம் என்றும் பெயர் பெறுவது. பச்சூலியோ இடுப்பளவு செடி, பூப்பதற்கே சோம்புவது. பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றாகிவிடாது.

ஆயினும் பூவுக்கும் பச்சைக்கும் உறவு உண்டு. அது நூலில் அன்று, நாரில். மல்லிகையைத் தனியே தொடுத்தால் கண்ணுக்கு வெள்ளை, மூக்குக்கு ஒரே இனிப்பு. இடையிடையே மருக்கொழுந்தோ கதிர்ப்பச்சையோ வைத்துக் கட்டுகிறவள் அந்த இனிப்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு கைப்பைச் சேர்க்கின்றாள். நறுமணக் கலைஞன் ரோசாவின் அடியில் பச்சூலி எண்ணெயை இட்டு, விரைந்து பறக்கும் மணத்தைக் கட்டிநிறுத்துவதும் இதே வேலை. முன்னவளுக்குக் கூலி; பின்னவனுக்குக் கலைஞன் என்ற பெயர்.

துணியிலும் பூ மறைந்திருக்கின்றது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக் கடையும் பூக்கடையும் அடுத்தடுத்து நிற்கும். அங்கே சேலை எடுப்போர் ‘புட்டாச் சேலை’ என்று கேட்பது வழக்கம். புட்டா என்பது வடநாட்டு ‘பூட்டா’; பூஞ்செடி என்று பொருள். மொகலாயர் காலத்துச் சால்வை ஓரத்தில் வேரோடும் தண்டோடும் நின்ற ஒற்றைப் பூஞ்செடி, தலைமுறை தோறும் குறுகிக் கொத்தாகி, தலை சாய்ந்து ஒரு காய்போல் ஆயிற்று. அதனைத்தான் ஆங்கிலேயர் தம் தறியூரின் பெயரால் ‘பெயிசிலி’ என்றனர். காஞ்சிபுரத்தார் மாங்காய் என்றனர். எனவே அந்தச் சால்வையில் கண்ணுக்குப் பூவும் மூக்குக்கு இலையும் சேர்ந்தே கடல் கடந்தன. இரண்டின் பெயரும் அவ்வவ்விடத்தார் வாயில் தேய்ந்தன. 1870-இல் பிரெஞ்சுக்கும் பிரசியாவுக்கும் மூண்ட போரோடு சால்வை வணிகம் சரிந்தது. 1877 முதல் காசுமீரத்தில் பஞ்சம் பரவி நெசவாளர் பலர் மாண்டனர். இலை மட்டும் புட்டியில் புகுந்து பிழைத்துக்கொண்டது.

நம் நாட்டில் நடப்பது என்ன? ‘பச்சிலை’ என்றவுடன் படித்தவர் உதட்டில் ஒரு குறுநகை. பச்சிலை வைத்தியன் என்றால் ஏமாற்றுக்காரன் என்ற பொருளே முந்திவருகின்றது. அதே சொல்லைப் பிரெஞ்சு எழுத்தில் பொறித்த புட்டியைக் கோலாலம்பூர்க் கடையில் நூறு வெள்ளி கொடுத்து வாங்குபவரும் அவரே. இதனைச் சொல்லின் குற்றம் என்று கூறுவதற்கில்லை. தோட்டத்து லயங்களின் முன்னும் பின்னும் துளசியும் கறிவேப்பிலையும் தூதுவளையும் நட்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கிள்ளிய பெண்கள் இருந்தனர். 1990-களில் புத்ராஜெயா எழுவதற்காகப் பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்கள் ஒழிந்தபொழுது, அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தன. மாடியில் தொட்டி வைக்கலாம். கொல்லை வைக்க முடியாது. செடி போனபின் பெயர் எத்தனை நாள் நிற்கும்? பிள்ளைக்குக் காட்ட இலை இல்லாதபொழுது தாய் எதைக் காட்டிப் பெயர் சொல்வாள்? அகராதியில் தமிழ் வாழ்கின்றதா என்று கவலைப்படும் நம் சங்கங்கள், விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு துண்டு நிலத்துக்கும் அங்கே நடும் செடிகளுக்குத் தமிழில் எழுதிய பலகைகளுக்கும் ஒதுக்கினால், அந்தக் கவலையை நாமும் நம்புவோம்.

டெங்கில் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். அவர் வட்டாரத்தில், பந்திங், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில், பூவோடு சேர்த்துக் கட்டிய இலையையும் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைக்கிடையே வைத்த இலையையும் பாட்டிமார் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதைக் கேட்டு எழுதியனுப்புக. கதிர்ப்பச்சை என்றார்களா, வெறும் பச்சை என்றார்களா, நிலாம் என்று மலாய்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்களா? சொன்னவரின் வயதையும் அவர் குடும்பம் எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்பதையும் உடன் குறிக்க. வருவனவற்றை இப்பகுதியில் வெளியிடுவோம்.